கீறலைத் தானே ஆற்றிக்கொள்ளும் திரை ஏன் இன்னும் கைக்கு வரவில்லை?

தன்மேல் விழுந்த கீறலைத் தானே ஆற்றிக்கொள்ளும் பொருள்களைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்தி வந்துகொண்டிருக்கிறது. ஆனால் கடையில் வாங்கும் ஸ்மார்ட்போனில் அதைக் காணோம். போன் சீக்கிரம் கெட்டால்தான் அடுத்த போன் விற்கும் என்பதால் நிறுவனங்கள் இந்தத் தொழில்நுட்பத்தை அமுக்கி வைத்திருக்கின்றனவா என்பது கேள்வி. பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்) வேதியியலைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையைப் பொறுத்தவரை குறுக்கே நிற்பது பெரும்பாலும் வேதியியல்தான். நிறுவனங்களின் லாபக் கணக்கு உண்மையாகவே வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. அது கண்ணாடிக்கு மேலே இல்லை, கீழே இருக்கிறது.

அமுக்கி வைத்தார்கள் என்ற வாதத்துக்கு முதல் தடை, ஒரு நிறுவனம் அதை விற்றே பார்த்துவிட்டது என்பது. தென்கொரியாவின் எல்ஜி நிறுவனம் 2013 அக்டோபரில் அறிவித்த ஜி ஃபிளெக்ஸ் என்ற வளைந்த போனின் முதுகுப்புறத்தில், மெல்லிய கீறல்களைச் சில நிமிடங்களில் மறைத்துக்கொள்ளும் பூச்சு ஒன்று இருந்தது. 2015 ஜனவரியில் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் இந்த நேரம் ஏறத்தாழ மூன்று நிமிடத்திலிருந்து பத்து விநாடியாகக் குறைந்துவிட்டது என்று நிறுவனமே பெருமையாக விளம்பரம் செய்தது. கம்பித் தூரிகையால் தேய்த்த மெல்லிய கோடுகள் மறைந்தன என்பது உண்மை. கத்தியால் ஆழக் கிழித்த கோடு மறையவில்லை என்பதும் உண்மை. அந்த வரிசையில் மூன்றாவது போன் வரவேயில்லை. 2021 ஏப்ரலில் எல்ஜி கைபேசித் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் தானே ஆறும் முதுகு அந்த போன்களை விற்றுத் தரவில்லை என்பது மட்டும் தெளிவு.

அதற்கும் முன்பே ஜப்பானில் நிசான் நிறுவனம் 2005இல் கார்களுக்கு இத்தகைய வண்ணப்பூச்சைக் கொண்டுவந்து, 2012இல் அதே வகைப் பூச்சுடன் ஐபோனுக்கு ஒரு மேலுறையையும் செய்து காட்டியது. மெல்லிய கீறல் ஒரு மணி நேரத்திலும், கொஞ்சம் ஆழமானது ஒரு வாரம் வரையிலும் எடுத்துக்கொண்டு மறையும் என்றார்கள். அந்த உறைப் பூச்சில் இருந்த பாலிரோடாக்ஸேன் என்ற மூலக்கூறு அழகானது. நூலில் கோத்த வளையல்களைப் போல ஒரு நீண்ட சங்கிலியின் மேல் சிறு வளையங்கள் நகர்ந்துகொண்டிருக்கும்; ஒரு சங்கிலியின் வளையமும் அடுத்த சங்கிலியின் வளையமும்தான் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கும். ஓரிடத்தில் அழுத்தம் விழுந்தால் வளையங்கள் நழுவி அதைப் பரப்பிவிடும். அழுத்தம் நீங்கியதும் பழைய இடத்துக்கு மெல்லத் திரும்பும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கோசோ இதோ வளர்த்தெடுத்த கருத்து இது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தக் கீறல் உண்மையில் ஒரு காயமே அல்ல என்பதுதான். பொருள் கிழியவில்லை, குழிந்தது. குழிந்த மெத்தை எழுந்து கொள்வதைத்தான் விளம்பரம் ஆறுதல் என்று சொன்னது.

உண்மையாகக் கிழிந்ததை ஒட்டவைப்பது வேறு வகை வேலை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் வைட், நான்சி சொட்டோஸ், ஜெஃப்ரி மூர் முதலானோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறைக்கே பிள்ளையார் சுழி போட்டது எனலாம். எப்பாக்ஸிப் பிசினுக்குள் திரவம் நிரப்பிய நுண்குமிழ்களையும், அந்தத் திரவத்தை இறுகச் செய்யும் வினையூக்கித் துகள்களையும் கலந்து வைத்தார்கள். விரிசல் ஓடிவரும்போது குமிழ் உடையும், திரவம் கசிந்து விரிசலை நிரப்பும், வினையூக்கியைத் தொட்டதும் இறுகும். முறிவைத் தாங்கும் வலிமையில் 75 சதவீதம் வரை திரும்பக் கிடைத்தது. ஆனால் குமிழ் ஒரு முறை உடைந்தால் உடைந்ததுதான். அதே இடத்தில் இரண்டாவது விரிசல் வந்தால் அங்கே மருந்து இருக்காது. காற்றாலை இறக்கைக்கும் கப்பல் பூச்சுக்கும் இது பொருந்தலாம். ஒளி சிதறாமல் ஊடுருவ வேண்டிய திரைக்குள் நுண்குமிழ்களையும் துகள்களையும் தூவி வைக்க முடியாது.

மூன்றாவது வழி, பிணைப்புகளையே மீளக்கூடியவையாக அமைப்பது. 2017 டிசம்பரில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகுசோ ஐடா குழுவிலிருந்து வெளிவந்த ஆய்வுக்குத்தான் உலகம் முழுவதும் ‘உடைந்த போன் திரை இனி தானே ஒட்டிக்கொள்ளும்’ என்று தலைப்புப் போட்டார்கள். பசை ஒன்றைத் தயாரிக்க முயன்ற ஆய்வு மாணவர், வெட்டிய விளிம்புகளைக் கையால் அழுத்தினால் அவை ஒட்டிக்கொள்வதைத் தற்செயலாகக் கண்டார். தயோயூரியா என்ற அலகுகள் தமக்குள் போடும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒழுங்கற்று வளைந்து நெளிந்து அமைவதால், அந்தப் பொருள் கண்ணாடி போல இறுக்கமாக இருந்தும் படிகமாகாமல் இருக்கிறது. அறை வெப்பத்தில் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தாலே துண்டுகள் சேர்கின்றன. சில மணி நேரத்தில் பழைய வலிமை வந்துவிடுகிறது. அருமையான வேதியியல்தான். ஆனால் தலைப்பு எழுதியவர்கள் ஒரு சொல்லில் வழுக்கிவிட்டார்கள். பாலிமர் துறையில் கண்ணாடி நிலை என்பது சங்கிலிகள் அசையாமல் உறைந்திருக்கும் நிலைக்குப் பெயர். ஜன்னலில் மாட்டும் கண்ணாடிக்கு அல்ல. ஐடா குழு செய்தது விறைப்பான ஒரு பிளாஸ்டிக். அது போன் கண்ணாடியின் கடினத்தன்மையை நெருங்கவில்லை.

முரண்பாட்டின் கணு இங்கேதான் இருக்கிறது. ஒரு பொருள் தானே ஆற வேண்டுமென்றால் அதன் மூலக்கூறுகள் இடம்பெயர வேண்டும். கீறல் விழாதிருக்க வேண்டுமென்றால் அவை இடம்பெயரவே கூடாது. போனின் முகப்புக் கண்ணாடியில் சிலிக்கனும் ஆக்சிஜனும் அலுமினியமும் முப்பரிமாண வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பிணைப்புகள் அவிழ்ந்து கூட வேண்டுமானால் பல நூறு டிகிரி வெப்பம் தேவை. கார்னிங் போன்ற நிறுவனங்கள் அந்தக் கண்ணாடியை ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிய பொட்டாசியம் உப்பில் முக்கி எடுக்கின்றன. மேற்பரப்பிலிருந்து சிறிய சோடியம் அயனி வெளியேற, அந்த இடத்தில் அதைவிடப் பெரிய பொட்டாசியம் அயனி புகுந்து நெருக்கிக்கொண்டு உட்காருகிறது. நெரிசலான பேருந்தில் மெலிந்தவர் இறங்கிய இடத்தில் பருத்தவர் ஏறினால் எல்லோரும் ஒருவரையொருவர் அழுத்துவதைப் போல மேற்பரப்பு முழுவதும் அழுத்தத்தில் நிற்கிறது. விரிசல் திறக்க வேண்டுமானால் முதலில் அந்த அழுத்தத்தை வெல்ல வேண்டும். விழுந்தால் உடையாமல் காப்பதற்கு இதைவிட மலிவான, தெளிவான, விரலுக்கு வழுவழுப்பான வழியைத் தானே ஆறும் பிளாஸ்டிக் எதுவும் இன்னும் காட்டவில்லை.

எதற்கும் விதிவிலக்கு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் கொல்கத்தாவின் ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனமும் கரக்பூர் ஐஐடியும் சேர்ந்து, உடைந்த துண்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தாமாகவே பொருந்திக்கொள்ளும் கரிமப் படிகத்தை வெளியிட்டார்கள். உடையும்போது முறிந்த முகங்களில் எதிரெதிர் மின்னூட்டம் தோன்றுவதால் அவை ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. இறுகிய பொருளும் ஆறலாம் என்று இது காட்டியது. ஆனாலும் அது ஊசி போன்ற சிறு படிகம். அங்கிருந்து ஆறு அங்குலத் தகட்டுக்கு வருவதற்குள் எத்தனை படிகள் ஏற வேண்டும் என்பது ஆய்வகத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

கீறல் எப்படி விழுகிறது என்பதையும் ஒரு முறை கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு போனைப் போடாதே என்று வீட்டில் திட்டுவார்கள். சாவியின் பித்தளையும் இரும்பும் பெரும்பாலும் கண்ணாடியைக் கீறுவதில்லை. கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் போன் கண்ணாடி ஏறத்தாழ 6இல் கீறல்படத் தொடங்கும். எஃகுக் கத்தி அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸோ 7. ஆகவே கடற்கரைக்குப் போய்வந்த பையின் மூலையில் தங்கிய இரண்டு மணல் துகள்கள் போதும். டியூப் லைட்டுக்குக் கீழே போனைச் சாய்த்துப் பிடித்தால் தலைமுடி போலத் தெரியும் கோடுகள் அவற்றின் கைவண்ணம்தான். இதே மணல் தானே ஆறும் பிளாஸ்டிக்கின் மேல் உரசினால் கோடு இன்னும் ஆழமாக விழும். ஆறும் என்பது பிறகு வரும் கதை. கைபேசிக் கடைகளில் இயந்திரத்தில் வெட்டி ஒட்டித்தரும் ‘ஹைட்ரோஜெல்’ ஸ்க்ரீன் கார்டும், கார்களுக்கு ஒட்டும் பாதுகாப்புப் படலமும் பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தவை; நகத்தால் அழுத்தினால் தடம் விழும், சற்று நேரத்தில் அல்லது வெயிலில் அது மறையும். அதாவது தானே ஆறும் பொருள் ஏற்கெனவே கடைத்தெருவில் கிடைக்கிறது. சில மாதங்களில் ஓரம் மஞ்சளித்து, நடுவில் மங்கிப்போய், அதை உரித்தெறிந்துவிட்டு டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கொள்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்த வேதியியல் உண்மையாகவே தேவைப்படும் இடம் மடிக்கும் போன்கள். மடிய வேண்டிய மேற்பரப்பு மென்மையாகத்தான் இருந்தாக வேண்டும். 2019 ஏப்ரலில் சாம்சங்கின் முதல் மடிப்பு போனை விமர்சிக்க வாங்கியவர்களில் சிலர், மேலிருந்த பிளாஸ்டிக் படலத்தைச் சாதாரண ஸ்க்ரீன் கார்டு என்று நினைத்து உரித்துவிட, திரையே செத்துப்போன கதை நினைவிருக்கலாம். விற்பனை செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அடுத்த ஆண்டு மிக மெல்லிய கண்ணாடி வந்தது; அதன் மேலும் பிளாஸ்டிக் படலம் இருந்தது, அந்தப் படலத்தில் நகம் பட்டாலே தடம் விழுந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பம் ஒன்று 2020 அக்டோபரில் வெளியானபோது, அதில் தானே ஆறும் அடுக்கு பேசப்பட்டது மடியும் திரையை ஒட்டித்தான்.

இனி நிறுவனங்களின் நோக்கத்துக்கு வருகிறேன். என் மேசை இழுப்பறையில் நான்கு பழைய போன்கள் கிடக்கின்றன. ஒன்று பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தூக்கிவிட்டது. ஒன்றில் சார்ஜ் போடும் துளை தளர்ந்து, வயரை ஒரு கோணத்தில் பிடித்துக்கொண்டிருந்தால்தான் சார்ஜ் ஏறும். மூன்றாவது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அதன் ஆண்ட்ராய்டு பழையது என்று சொல்லி என் வங்கிச் செயலி அதில் திறக்க மறுக்கிறது. நான்காவது கீழே விழுந்து திரை சிதறியது. மாற்ற சர்வீஸ் சென்டரில் கேட்ட தொகை போன் விலையில் பாதிக்கு மேல். நான்கில் ஒன்றைக்கூட நான் கீறலுக்காகக் கைவிடவில்லை. நுண்கீறலை ஆற்றும் பூச்சு நான்கிலும் இருந்திருந்தாலும், அவை நான்கும் அதே இழுப்பறையில்தான் கிடந்திருக்கும். பளபளவென்று கிடந்திருக்கும், அவ்வளவுதான்.

இதனால்தான் கீறல் ஆறுவதை நிறுவனங்கள் எதிர்க்கும் என்று நான் நினைக்கவில்லை. அது விளம்பரத்தில் கண்ணுக்குத் தெரியும் அம்சம். கூடுதல் விலை வைக்கலாம். பழைய போனைத் திரும்ப வாங்கி மறுவிற்பனை செய்யும் நிறுவனத்துக்குக் கீறலில்லாத போன் லாபமும்கூட. போனின் ஆயுளை உண்மையில் முடிவு செய்பவையோ பேட்டரி, உதிரிபாகம், மென்பொருள் மூன்றும். நீடித்து உழைக்கும் பொருளை விற்பவருக்கு, தான் நேற்று விற்ற பொருளே இன்று போட்டியாளர் என்ற கருத்தைப் பொருளியலாளர் ரொனால்டு கோஸ் 1972இல் முன்வைத்தார். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1920களின் நடுவில், ஆஸ்ராம், பிலிப்ஸ் முதலிய விளக்கு உற்பத்தியாளர்கள் ஃபீபஸ் என்ற கூட்டணியை அமைத்து, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குள் நிறுத்தி, அதைத் தாண்டி எரியும் பல்பைச் செய்த ஆலைக்கு அபராதமும் போட்டார்கள். நிறுவனங்களின் மேல் எழும் சந்தேகம் ஆதாரமற்றது அல்ல என்பதற்கு இதைச் சொல்கிறேன். ஆனால் போன் தொழிலில் அத்தகைய கூட்டுச் சதிக்கு ஆவணம் இல்லை. அதைவிடச் சுவையான ஓர் ஆவணம் உண்டு.

ஐபோனின் பேட்டரி மூப்படைந்தால் திடீரென அணைந்துபோகாதிருக்க அதன் வேகத்தை மென்பொருள் குறைக்கிறது என்பதை, பயனர்களும் வேகம் அளக்கும் நிரலாளர் ஒருவரும் வெளிக்கொணர்ந்த பிறகு, 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. சொல்லாமல் செய்ததுதான் குற்றமாயிற்று. வேகத்தைக் குறைத்ததற்குப் பொறியியல் காரணம் இருந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 2018 முழுவதும் 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. பின்னர் 2019 ஜனவரி 2 அன்று, வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறையப்போகிறது என்று முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், சீனச் சந்தையின் சரிவைப் பெரிய காரணமாகச் சொன்ன அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி டிம் குக், மலிவாகக் கிடைத்த பேட்டரி மாற்றத்தைப் பயன்படுத்திக்கொண்டு சிலர் புதிய போன் வாங்கவில்லை என்பதையும் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தார். பிரான்சில் இரண்டரைக் கோடி யூரோ அபராதம், அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரையிலான சமரசம் என்று வழக்குகள் பிறகு வந்தன. என்னைப் பொறுத்தவரை அந்தக் கடிதத்தின் ஒரு வரி அவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. 29 டாலர் பேட்டரி பல நூறு டாலர் விற்பனையைத் தள்ளிப்போட்டது என்பதை விற்பவரே கைப்பட எழுதிக் கொடுத்த இடம் அது.

உதிரிபாகத்திலும் இதே கதைதான். 2021இல் வந்த ஐபோன் 13இன் திரையை வெளிக்கடையில் மாற்றினால் முகத்தைப் பார்த்துத் திறக்கும் வசதி நின்றுபோவதைப் பழுதுபார்ப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். திரையோடு ஒட்டியிருந்த சிறு சில்லு போனுடன் இணைசேர்க்கப்பட்டிருந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு மென்பொருள் வழியே அது திருத்தப்பட்டது. அசல் திரையே ஆனாலும் வேறு போனிலிருந்து எடுத்தது என்றால் ஏற்றுக்கொள்ளாத இந்த இணைசேர்ப்பு முறையை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் சட்டமியற்றிக் கட்டுப்படுத்தியது. சென்னை ரிச்சி தெருவில் நுண்ணோக்கியின் கீழ் பழைய திரையின் சில்லைப் பெயர்த்துப் புதியதில் பற்றவைக்கும் கைகளைப் பார்த்தவர்களுக்கு, தானே ஆறும் போன் என்பதைவிடப் பிறர் ஆற்ற அனுமதிக்கும் போன்தான் உடனடித் தேவை என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத குணத்துக்குச் சந்தை விலை கொடுக்காது. கேமராவின் மெகாபிக்சலைக் கடையில் ஒப்பிடலாம். மூன்றாம் ஆண்டில் பேட்டரி எப்படி இருக்கும் என்பதை ஒப்பிட முடியாது. ஆகவே அதைக் கண்ணுக்குத் தெரியவைத்தால் நோக்கமும் மாறும் என்பது ஐரோப்பியர் கணக்கு. பிரான்ஸ் 2021 முதல் பழுதுபார்ப்பு எளிமைக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டு விலைச்சீட்டின் அருகிலேயே காட்டச் சொன்னது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், பேட்டரி 800 சார்ஜ் சுழற்சிக்குப் (முழுதாக ஏறி இறங்குவது ஒரு சுழற்சி) பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைக் காக்க வேண்டும், விற்பனை நின்றபின் ஏழு ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும், ஐந்து ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு தர வேண்டும், கீழே விழுந்தால் தாங்கும் தரத்தை எழுத்தாக லேபிளில் அச்சிட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. கீறலுக்கும் ஒரு வரம்பு அதில் உண்டு. மோஸ் அளவில் 4ஐத் தாங்கினால் போதும் என்கிறது. எந்தக் கண்ணாடியும் தூங்கிக்கொண்டே தாண்டும் வரம்பு அது. விதி எழுதியவர்களுக்கும் கீறல் பெரிய கவலையாகப் படவில்லை போலும்.

அந்த விதியில் ஒரு சந்து இருக்கிறது. பேட்டரியைப் பயனரே எளிதில் மாற்றும்படி அமைக்க விரும்பாத நிறுவனம், 1,000 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதம் காக்கும் பேட்டரியையும், தூசும் நீரும் புகாத கட்டமைப்பையும் கொடுத்தால் மூடிய போனையே விற்கலாம். 2024 பிப்ரவரியில், அதற்கு முந்தைய ஆண்டே சந்தைக்கு வந்துவிட்ட ஐபோன் 15இன் பேட்டரி 500 அல்ல, 1,000 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதம் காக்கும் என்று மறுசோதனையில் தெரிந்ததாக ஆப்பிள் அறிவித்தது. விற்றுக்கொண்டிருந்த போன் அதேதான், உள்ளே இருந்த பேட்டரியும் அதேதான். தாளில் இருந்த எண் மட்டும் இரட்டிப்பாயிற்று. தற்செயலாகவும் இருக்கலாம். கூகுள் 2023இலும் சாம்சங் 2024இலும் தங்கள் உயர்விலை போன்களுக்கு ஏழு ஆண்டு புதுப்பிப்பை அறிவித்ததும் இதே காலத்தில்தான்.

தானே ஆறும் திரை எப்போது வரும் என்பதற்கு, சந்தை ஆய்வு நிறுவனமான சிசிஎஸ் இன்சைட் 2023இல் சொன்ன கணிப்பு 2028. அந்த ஆண்டு சரியோ தவறோ, வரும்போது அது தட்டையான கண்ணாடி போனில் வராது; மடிப்பு போனின் மேற்படலமாக வரும், நகத்தடத்தையும் நுண்கோடுகளையும் சில மணி நேரத்தில் மறைக்கும், கீழே விழுந்து சிதறியதை ஒன்றும் செய்யாது என்பது என் எதிர்பார்ப்பு. அதற்காகக் காத்திருந்து வாங்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். இப்போது வாங்குவதாக இருந்தால், பேட்டரி மாற்ற என்ன செலவாகும், புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை வரும், திரை உதிரியாகக் கிடைக்குமா என்ற மூன்றையும் கடையிலேயே கேட்டுவிட்டு வாங்குங்கள்.